ஸ்கெக் உடைந்த அவுட்போர்டு: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் முறை

"அண்ணே, அடியில கொஞ்சம் உடைஞ்சிருக்கு, ஒரு வெல்டு வச்சுத் தந்துடுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் முக்கால்வாசிப் பேர், படகின் பின்பலகைக்கு வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைத் தூக்கி வருவார்கள். நான் வெல்டிங் பேச்சையே எடுக்காமல் கியர் ஆயில் திருகைக் கழற்ற உட்கார்ந்தால் முகம் சுருங்கும். கண்ணுக்குத் தெரிகிற உடைசலைத்தான் அவர்கள் பழுது என்று நினைக்கிறார்கள். எனக்கு அது அடிபட்டதற்கான அடையாளம் மட்டுமே. அடி எதுவரை போனது என்று தெரியாமல் வெல்டு வைப்பது வீண்.

ப்ரொப்பெல்லருக்குக் கீழே, மீனின் அடிச்செட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தகடுதான் ஸ்கெக். அது தனி உதிரிபாகம் இல்லை. கியர் பெட்டியோடு சேர்த்து ஒரே அலுமினிய வார்ப்பாக வருவது. பாரிலோ (கடலடிப் பாறையிலோ) மணல் திட்டிலோ தட்டினால் ப்ரொப்பெல்லருக்கு முந்திக்கொண்டு அடி வாங்குவது அதன் ஒரு வேலை. ஓடும்போது சுக்கான் போல நின்று திசை பிடித்துக் கொடுப்பது இன்னொன்று. அது உடைந்து பெட்டி தப்பித்தது என்றால் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, வீட்டில் ஃபியூஸ் போவது போல. கீழே வரும் சில இடங்களில் "இதற்கு மேல் பலப்படுத்தாதீர்கள்" என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஸ்டெர்ன் டிரைவ், அதாவது இஞ்சின் படகுக்குள்ளும், ப்ரொப்பெல்லர் இருக்கும் கால் மட்டும் பின்பலகைக்கு வெளியேயும் இருக்கும் வகை வைத்திருப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

நுனி மட்டும் போயிருக்கிறது, ஓட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை

இரண்டு விரல் அகலத்துக்குள் உடைந்திருந்தால், ஓட்டமும் பழையபடியே இருந்தால், வெல்டிங்கே வேண்டாம். உடைந்த விளிம்பைச் சிறு விரிசல் கூட மிச்சமில்லாமல் அரத்தால் ராவி மழமழப்பாக்குங்கள். முன்விளிம்பு உருண்டையாகவும் பின்விளிம்பு மெல்லியதாகவும் இருக்க வேண்டும். அப்புறம் ப்ரைமர், பெயிண்ட். அவ்வளவுதான்.

ராவிய பிறகு விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப் பழைய பட்டறை வழி ஒன்று உண்டு. ஸ்கெக் முழுவதும், அது பெட்டியோடு சேரும் வேர் வரைக்கும், மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். உள்ளே விரிசல் இருந்தால் அதில் ஊறியிருந்த எண்ணெய் சிறிது நேரத்தில் கசிந்து, வெள்ளையில் முடி போல ஒரு ஈரக் கோடு எழும். கோடு ஸ்கெக்கிலேயே நின்றுவிட்டால் பயமில்லை. மேலே ஏறி, கியர் இருக்கும் உருண்டைப் பகுதிக்குள் போனால் இந்தப் பகுதியை விட்டுவிட்டுக் கடைசிக்கு முந்தின பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஒரு பக்கமாக இழுக்கிறது, கைப்பிடியை விட முடியவில்லை

ஸ்கெக்கில் பெரிய துண்டு போனதன் நேரடி விளைவு இது. பெரும்பாலான ப்ரொப்பெல்லர்கள் பின்னால் நின்று பார்த்தால் கடிகார முள் சுற்றும் பக்கம் சுற்றும். அந்தச் சுழற்சி கைப்பிடியையோ ஸ்டியரிங்கையோ எப்போதும் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு எதிராகத் தண்ணீரைப் பிடித்து நிற்பது ஸ்கெக். பரப்பு குறைந்தால் பிடியும் குறையும். வேகம் கூடக்கூடக் கை வலிக்கும்.

வெல்டிங்குக்கு ஓடும் முன் ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் பலகையின் அடியில் பாருங்கள். பல மோட்டார்களில் அங்கே சுறாச் செட்டை போலச் சின்னத் தகடு ஒன்று இருக்கும். ட்ரிம் டேப் என்பார்கள். தட்டிய அதிர்ச்சியில் அதன் போல்ட் தளர்ந்து தகடு திரும்பியிருந்தால் இழுவைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வலப்பக்கம் இழுத்தால் தகட்டின் பின்முனையை வலப்பக்கமே கொஞ்சம் திருப்ப வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம். இதை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு "இன்னும் மோசமாயிடுச்சு" என்று வந்தவர்கள் நிறைய. ஒரே ஒரு கோடு அளவு திருப்பி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்த கோடு.

டேப்பைச் சரிசெய்தும் இழுவை குறையவில்லை, ஸ்கெக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடைந்து போயிருக்கிறது என்றால்தான் வெல்டிங் பகுதிக்கு வாருங்கள்.

நடுக்கம் இருக்கிறது

ஸ்கெக் உடைந்ததால் மட்டும் பெரிய நடுக்கம் வராது. நடுங்கினால் ப்ரொப்பெல்லர் இதழோ, அதைச் சுற்றும் ஷாஃப்டோ அடி வாங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாவியை எடுத்து, இஞ்சினை உடனே நிறுத்தும் கில் சுவிட்சின் கயிற்றையும் கழற்றிவிட்டு, நியூட்ரலில் வையுங்கள். ஒரு மரக்கட்டையில் ஆணி அடித்து, ஆணி முனை ஷாஃப்டின் நுனியை முடியளவு இடைவெளியில் தொடாமல் நிற்கும்படி கட்டையைத் தரையில் நிறுத்துங்கள். ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி ஒரு பக்கம் மூடி மறுபக்கம் விரிந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. அது அப்படியே ஓடினால் ஷாஃப்டைச் சுற்றி ஆயிலை உள்ளேயும் தண்ணீரை வெளியேயும் நிறுத்தும் ரப்பர் ஆயில் சீலைத் தின்றுவிடும். பிறகு அதே ஆணியை ஒவ்வொரு இதழின் நுனிக்கும் நேராக வைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் நேராக இருந்து ஒரு இதழ் மட்டும் விலகினால், தெரிந்தவரிடம் அதே அளவு ப்ரொப்பெல்லர் ஒன்றை வாங்கி மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் சுலபமான சோதனை.

மோட்டாரைப் பின்பலகையில் பிடித்திருக்கும் கிளாம்பையும் போல்ட்டையும் ஆட்டிப் பார்க்க மறக்காதீர்கள். ஃபைபர் வள்ளத்தில் பின்பலகைக்குள் இருக்கும் மரம் ஊறிப்போயிருந்தால் ஒரே தட்டலில் போல்ட் துளை பெரிதாகிவிடும். அந்த நடுக்கத்தை ஸ்கெக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

இஞ்சின் ரேஸ் ஆகிறது, வள்ளம் நகரவில்லை

சின்ன மோட்டார் என்றால், அடி பட்டால் முதலில் உடைவதற்கென்றே ப்ரொப்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் ஷியர் பின் வெட்டுப்பட்டிருக்கும். பின்னை மாற்றினால் முடிந்தது. அந்த இடத்தில் இரும்பு ஆணியைச் செருகி ஓட்டாதீர்கள், அடுத்த அடி கியருக்குப் போகும். பெரிய மோட்டாரில் ப்ரொப்பெல்லருக்கு நடுவில் ரப்பர் புஷ் இருக்கும், அது வழுக்கும். நடுக்குழாயையும் ப்ரொப்பெல்லர் உடலையும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டி வாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

கியர் ஆயில் பால் மாதிரி இருக்கிறது

எந்த அறிகுறியோடு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இரவு முழுக்க மோட்டாரை நேராக நிறுத்தி வையுங்கள். காலையில் அசைக்காமல், அடித்திருகை ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்தி வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருந்தால் முதல் சொட்டுகளாக அதுவே வரும். ஆயிலோடு கடைந்து கலந்துபோயிருந்தால் டீக்கடைப் பால் டீ நிறம்.

பல மோட்டார்களில் அடித்திருகின் நுனியில் சின்னக் காந்தம் இருக்கும். அதில் ஒட்டியிருப்பதை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். மை போல வழுவழுப்பான சாம்பல் பசை வழக்கமான தேய்மானம், கவலை வேண்டாம். விரலில் குத்தினால், வெளிச்சத்தில் மின்னும் செதில்கள் தெரிந்தால், கியர் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அந்த மோட்டாருக்கு ஸ்கெக் வெல்டிங் இரண்டாம் பட்சம். பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

செதில் இல்லை, தண்ணீர் மட்டும் இருக்கிறது என்றால் ப்ரொப்பெல்லரைக் கழற்றி ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள். நம் பக்கத்து மோட்டார்களில் பாதிக்கு அங்கே நைலான் நரம்பு சுற்றிக் கிடக்கும். வலையை இழுக்கும்போது சுற்றியது, மாதக்கணக்கில் இறுகி சீலின் உதட்டை அறுத்திருக்கும். ஸ்கெக் உடைந்த நாளில் ஆயிலைப் பார்த்ததால் பழி ஸ்கெக் மேல் விழுகிறது. சீல் ஜோடியை மாற்றி, கியர் பெட்டியின் மேல் ஆயில் துளை வழியாகச் சைக்கிள் பம்ப் போல ஒன்றால் 10 முதல் 12 பிஎஸ்ஐ வரை காற்றடித்து, ஐந்து நிமிடம் அழுத்தம் காட்டும் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் காற்றடித்தால் நல்ல சீலும் பிதுங்கும்.

ஸ்டெர்ன் டிரைவ்களில் பலவற்றுக்கு இஞ்சின் பக்கத்திலேயே கியர் ஆயில் பாட்டில் ஒன்று இருக்கும். தட்டிய பிறகு அதில் அளவு இறங்கினால் எங்கோ கசிகிறது. ஏறினால் தண்ணீர் உள்ளே போகிறது. அதோடு காலையும் பின்பலகையையும் இணைக்கும் ரப்பர் பெல்லோஸில் கிழிசல் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அது கிழிந்தால் தண்ணீர் படகுக்குள்ளேயே வரும், ஆகவே ஸ்கெக்கைவிட அதுதான் அவசரம்.

முறியவில்லை, வளைந்திருக்கிறது

சுத்தியல் எடுக்காதீர்கள். இது வார்ப்பு அலுமினியம். தகடு போல வளைந்து கொடுக்காது. குளிர்ந்த நிலையில் இரண்டாவது அடியில் கையோடு வந்துவிடும்.

அதற்கும் முன்னால் அது உண்மையிலேயே வளைந்ததுதானா என்று பாருங்கள். சுழற்சியின் இழுப்பைச் சமாளிக்கச் சில மோட்டார்களில் ஸ்கெக்கைக் கம்பெனியிலேயே லேசாக ஒரு பக்கம் வளைத்து வார்ப்பார்கள். அதை நேராக்கிவிட்டு, அப்புறம் ஏன் இழுக்கிறது என்று தலையைச் சொறிவதில் பயனில்லை. அதே மாடல் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நுனியில் மட்டும் லேசான வளைவு என்றால் அப்படியே விட்டு ஓட்டிப் பார்க்கலாம். அதிகமாக வளைந்திருந்தால் அந்த அளவை வெட்டிவிட்டுப் புதிதாக வைப்பதுதான் என் வழக்கம். சூடாக்கி நேராக்குகிற ஆட்கள் உண்டு, ஆனால் சீலோடு இருக்கும் பெட்டியில் அவ்வளவு சூடு ஏற்ற எனக்கு மனம் வராது.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது: வெல்டிங்

நல்ல அளவு இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். அதே மாடல் நல்ல மோட்டார் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பழைய தினசரி காலண்டரின் அட்டையை ஸ்கெக்கோடு ஒட்டிப் பிடித்து பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மையத்திலிருந்து ஸ்கெக் நுனி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள். இந்த எண் தவறினால் ஸ்கெக் நீளமாகித் தரை தட்டும், அல்லது குட்டையாகி ப்ரொப்பெல்லரைக் காக்காது.

தகட்டுக்கு முதல் தேர்வு, பெட்டி கெட்டுக் கழித்துப்போட்ட மோட்டாரின் ஸ்கெக்கையே அறுத்து எடுப்பது. கிடைக்கவில்லை என்றால் 6061 என்ற எண் வகை அலுமினியத் தகடு. உடைந்த இடத்தின் தடிமனை வெர்னியரில் அளந்து அதே தடிமன் வாங்குங்கள், கூடுதலாக வேண்டாம். இணைப்பில் உருக்கி நிரப்பும் ஃபில்லர் கம்பி 4043 வகை. இதில் சிலிக்கன் 5 சதவீதம் அளவுக்கு இருப்பதால் வார்ப்போடு நன்றாகச் சேரும். படகு கட்டும் இடத்தில் 5083 தகடு மிச்சம் கிடைக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். அதில் மெக்னீசியம் அதிகம், 4043 கம்பியோடு சேர்ந்தால் இணைப்பு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

இனிச் சூட்டைப் பற்றி. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், வார்ப்புக் கலவை அதற்கும் முன்னாலேயே. ஆனால் அதன் மேல் படியும் ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். சாதாரண வெல்டிங்கில் உள்ளே உருகி ஒழுகும், மேலே தோல் மட்டும் அப்படியே நிற்கும். அதனால்தான் ஏசி மின்னோட்டத்தில் ஆர்கான் வெல்டிங் வேண்டும். ஏசியின் ஒரு பாதி அந்தத் தோலை உரித்துக்கொண்டே போகும். மறுபக்கம், ஒரு சாண் தூரத்தில் இருக்கும் ரப்பர் சீல் நூறு, நூற்றிருபது டிகிரியைத் தாண்டினால் கருகி இறுகிவிடும். இந்த வேலையில் கைத்திறன் காட்ட வேண்டிய இடம் வெல்டு கோடு இல்லை, இந்த ஒரு சாண்தான்.

ஆகவே முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். கம்ப்யூட்டர் பெட்டி உள்ள மோட்டார் என்றால் அதன் இணைப்பையும். கியர் ஆயிலை முழுதும் வடித்துவிட்டு மேல், கீழ் இரண்டு திருகையும் திறந்தே வையுங்கள். மூடிய பெட்டியைச் சூடாக்கினால் உள்ளே ஆவி அழுத்தம் ஏறும். ப்ரொப்பெல்லரையும், பெட்டி அரிக்காமலிருக்கத் தான் கரையும் உலோகக் கட்டியான ஆனோடையும் கழற்றி ஓரமாக வையுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை ஸ்கெக்கிலேயே மாட்டுங்கள். ஷாஃப்டில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் புள்ளி புள்ளியாகச் சுட்டுவைக்கும். மோட்டார் கரைக்கு வந்து இரண்டு வாரம் கழித்து "ஙொய்" என்று சத்தம் போட ஆரம்பிக்கும், யாருக்கும் காரணம் புரியாது.

பெட்டியின் உருண்டைக்குக் கீழே ஸ்கெக் மூன்று விரல் அளவாவது மிஞ்சியிருந்தால் உள்ளே எதையும் கழற்ற வேண்டாம். உருண்டையைச் சாக்குத் துணியால் சுற்றி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க ஒரு ஆளை நிறுத்துங்கள். ஈரம் வெல்டு பக்கம் வழியக் கூடாது. உருண்டையை ஒட்டியே உடைந்திருந்தால் ஷாஃப்ட், கியர், சீல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு வெறும் பெட்டியை வெல்டு செய்யுங்கள். நேரம் அதிகம்தான், வேறு வழியில்லை.

விளிம்புகளை இரண்டு பக்கமும் சாய்த்து, நடுவில் 2 மில்லிமீட்டர் மட்டும் விட்டு ராவுங்கள். இரும்பு தேய்த்த கல்லையும் பிரஷையும் இங்கே கொண்டுவர வேண்டாம். அலுமினியத்துக்கென்றே ஒரு ஸ்டெயின்லெஸ் பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டோனால் துடைத்துக் காயவிடுங்கள். பிரேக் கிளீனரில் குளோரின் சேர்ந்த வகை உண்டு; அதன் ஈரத்தின் மேல் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். அந்த டப்பாவைப் பட்டறையின் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

அட்டையை வைத்து நேர் பார்த்து நாலு இடத்தில் டேக், அதாவது நிலைநிறுத்தச் சின்னப் புள்ளி வெல்டு, அடியுங்கள். மறுபடி அட்டையை வைத்துப் பாருங்கள். அப்புறம் இந்தப் பக்கம் இரண்டு செண்டிமீட்டர், மறுபக்கம் இரண்டு செண்டிமீட்டர். சரியான இடத்தில் உருகிய உலோகக் குட்டை பாதரசம் போலப் பளிச்சென்று மின்னும், அப்போது கம்பியை நனையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு உருண்டையின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வைத்திருக்க முடிந்தால் அடுத்ததுக்குப் போகலாம். முடியவில்லை என்றால் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வெல்டு பொங்குகிறது, கறுப்புத் துளைகள் விழுகின்றன

உப்பு. வருஷக்கணக்காகக் கடலில் ஊறிய வார்ப்பின் நுண்துளைகளில் உப்பும் ஈரமும் எண்ணெயும் இருக்கும். மேலே மேலே கம்பி ஊற்றி மூடப் பார்த்தால் துளை உள்ளே மறையும், முதல் அலையிலேயே அங்கிருந்து முறியும். பொங்கிய இடத்தை முழுதும் குடைந்து எடுத்து, நல்ல உலோகம் தெரியும் வரை போங்கள். ஸ்கெக் விளிம்பை மட்டும் லேசாகச் சூடுகாட்டி ஈரத்தை விரட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இரண்டு மூன்று முறை இப்படிக் குடைய வேண்டிவரும். இங்கே பொறுமை இல்லாத வெல்டர்தான் "இந்த அலுமினியம் பிடிக்காதுண்ணே" என்று திருப்பி அனுப்புகிறவர்.

விரிசல் பெட்டிக்குள் ஏறியிருக்கிறது, அல்லது அடிக்கடி உடைகிறது

விரிசல் கியர் அறைக்குள் போயிருந்தால் வேறு பெட்டி பாருங்கள். வெல்டு செய்யலாம், ஆனால் சூட்டில் பேரிங் உட்காரும் வட்டம் கோணினால் கியரின் பிடிப்பு மாறிவிடும்; கடலுக்கு நடுவில் நிற்கப்போவது நீங்கள்.

அடிக்கடி உடைபவர்கள் அடுத்து கேட்பது ஸ்டெயின்லெஸ் உறை, ஸ்கெக் கார்டு. மிஞ்சிய ஸ்கெக்கின் மேல் செருகி போல்ட் போடுவது. அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் உப்புத் தண்ணீரில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் கரைவது அலுமினியம். உறைக்குள் முழுதும் மரைன் சீலன்ட் நிரப்பி, போல்ட் துளையிலும் தடவி, இரண்டும் நேராகத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த இரும்பை வைத்து இன்னும் பலமாக்க வேண்டாம். அடுத்த தட்டலில் ஸ்கெக் நிற்கும், பெட்டி பிளக்கும்.

வெல்டைச் சுற்றி வெள்ளைத் தூள்

ஆனோடைத் திரும்ப மாட்டவில்லை, அல்லது அதன் மேலும் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். கடலில் ஓடினால் துத்தநாகமோ அலுமினியமோ ஆன ஆனோடு, பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். ட்ரிம் டேப்பே ஆனோடாக இருக்கும் மோட்டார்களில் அதையும் பெயிண்டிலிருந்து காப்பாற்றுங்கள். பெயிண்டுக்கு முன் அலுமினியத்தைப் பிடிக்கும் எட்ச் ப்ரைமர் வேண்டும். பாசி பிடிக்காமலிருக்க மரப்படகுக்கு அடிக்கும் தாமிரக் கலவைப் பெயிண்டை இங்கே அடித்தால் அதுவே அரிப்பைக் கூட்டும்.

வேலை முடிந்ததும் காற்றடித்துச் சோதித்து, புது ஆயிலை அடித்துளை வழியாக, மேல் துளையில் வழியும் வரை ஏற்றுங்கள். பத்து மணி நேரம் ஓடியதும் மறுபடி கிண்ணத்தில் இரண்டு சொட்டுப் பிடித்துப் பாருங்கள்.

ஒரே வள்ளத்தின் மோட்டார் ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை என்னிடம் வந்தது. மூன்றாம் முறை வெல்டு வைக்காமல் கூடவே கரைக்குப் போனேன். தட்டினால் கால் மேலே எழும்பி விலக வேண்டும். ரிவர்ஸில் மட்டும் எழும்பாமல் கொக்கி பிடித்துக்கொள்ளும். அந்தக் கொக்கியின் ஸ்பிரிங் போனதால் வள்ளம் ஓட்டும் தம்பி மோட்டாரை நைலான் கயிற்றால் பின்பலகையோடு இறுக்கிக் கட்டி வைத்திருந்தான். பாரில் தட்டினால் எழும்ப வழியே இல்லை. ஸ்பிரிங் மாற்ற அரை மணி நேரம் ஆனது. கயிற்றை நானே அறுத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.